ஆறு வீட்டுக்கு ஒரே கூரை

அந்த வீட்டை முதலில் பார்த்தது ஒரு தை மாதத்தில். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று விடாமல் அடிக்கிற காலம் அது. சித்தூருக்குத் தெற்கே, வயல்களுக்கு நடுவில், படிப்புரை என்கிற வாசல் கட்டடத்தைத் தாண்டி உள்ளே போனால் பனையோலை சலசலக்கிறது, தூரத்தில் நெல்லியாம்பதி மலை நீலமாக நிற்கிறது, காலுக்கடியில் கறுப்பு ஆக்சைடு தரை முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளக்கிறது. நடுமுற்றத்துக்கு மேலே கண்ணாடி போட்டு மூடி, கீழே சோபாவும் செடித்தொட்டிகளும் வைத்திருந்தார்கள். பழைய தறவாட்டு வீடு (கூட்டுக்குடும்பத்தின் பூர்விக வீடு) ஒன்றை ஆறு சொகுசு வீடுகளாகப் பிரித்து விற்கிறார்கள் என்று கோயம்புத்தூரில் இருக்கும் மகள்தான் விளம்பரம் அனுப்பியிருந்தாள். அரை மணி நேரத்தில் நானும் வீட்டுக்காரரும் பீரோவை எங்கே வைப்பது, சாமி படத்தை எந்தச் சுவரில் மாட்டுவது என்று பேச ஆரம்பித்துவிட்டோம்.

நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ் வகுப்புகளுக்கு 31 வருடம் பாடம் எடுத்தவள். வீட்டுக்காரர் பொள்ளாச்சியில் தேங்காய் மண்டி வைத்திருந்தார். எங்கள் சொந்த வீடு மெயின் ரோட்டை ஒட்டி இருந்தது. இரவும் பகலும் லாரிச் சத்தம். ஓய்வுக்கு அப்புறம் ஒரு திண்ணை, ஒரு கிணறு, காலையில் நடக்க ஒரு வரப்பு வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. நடுமுற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் கட்டிய இந்த மாதிரி நாலுகெட்டு ஒன்றை முழுசாக வாங்கிப் பராமரிக்க எங்கள் சக்தி போதாது. ஆறில் ஒன்று என்றால் முடியும். வாங்கினோம். இப்போது ஐந்து மழைக்காலம் கடந்துவிட்டது. இந்த மாதிரி வீடு தேடுகிறவர்கள் அடிக்கடி வந்து கேட்கிறார்கள், அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வீட்டுக்கு முந்நூறு வயது என்று விற்பனைக்கு நின்ற தம்பி சொன்னார். பழமைக்காகத்தான் விலை கூடுகிறது என்றால் அந்தப் பழமையைச் சரிபார்த்தாக வேண்டும் இல்லையா? எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு, மேஜை செய்து கொடுத்த ஆசாரி ஒருவர் இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர். இரண்டாவது தடவை போகும்போது அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் நேராக மச்சுக்கு, அதாவது பலகைத் தளம் போட்ட மேல்மாடிக்கு ஏறி, ஒரு உத்தரத்தின் தூசியைத் துடைத்துக் காட்டினார். 1079 என்று செதுக்கியிருந்தது. அது கொல்லம் ஆண்டு, மலையாளக் கணக்கு. அதோடு 825 கூட்டினால் நம் ஆண்டு வரும். சிங்க மாதம் (ஆவணி) பிறந்து டிசம்பர் முடிகிற வரைக்கும் 824 கூட்ட வேண்டும். ஆக, 1903-04. மேலே வேய்ந்திருப்பது மங்களூர் ஓடு. மங்களூரில் பாசல் மிஷன் என்கிற கிறிஸ்தவ அமைப்பினர் ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பித்ததே 1865இல்தான். அதற்கு முந்தைய வீடு என்றால் முதலில் ஓலையோ நாட்டு ஓடோ போட்டிருந்து, பிற்பாடு மாற்றியிருப்பார்கள். 120 வருடம் என்பதும் பெரிய வயதுதான், எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் விலை பேசும்போது அந்தக் கணக்கு எங்களுக்கு உதவியது.

அடுத்தது ஆதாரம். இங்கே பத்திரத்துக்கு ஆதாரம் என்றுதான் பெயர். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் பட்டா, சிட்டா, வில்லங்கம் என்று கேட்டுக்கொண்டு நிற்பார்கள். இங்கே கேட்க வேண்டியது முன் ஆதாரம், கரம் (நிலவரி) கட்டிய ரசீது, தண்டப்பேர் (வரிக்கணக்கில் உடைமைக்காரரின் எண்), போக்குவரவு (பெயர் மாற்றம்) ஆகியிருக்கிறதா என்பது, கைவசச் சான்று (சொத்து யார் அனுபவத்தில் இருக்கிறது என்பது), குடிக்கடச் சான்று (வில்லங்கம்). அந்தக் காலத்துச் சித்தூர் தாலுகா கொச்சி ராஜ்யத்தின் ஒரு துண்டு. ஒரு பக்கம் மலபார், இன்னொரு பக்கம் கோயம்புத்தூர் ஜில்லா, இரண்டுமே அன்றைக்கு மதராஸ் மாகாணம். அதனால் பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கிற கொல்லங்கோட்டு வீட்டின் பழைய கடுதாசி மலபார் முறையில் இருக்கும், இந்த வீட்டுடையது கொச்சி முறையில் இருக்கும். ரீசர்வேயில் எண்களும் மாறியிருக்கின்றன. எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியும், இருந்தாலும் சித்தூரில் ஆதாரம் எழுதுகிற ஒருவரிடம் மொத்தக் கட்டையும் கொடுத்து உட்கார்ந்தேன். நான் கொடுத்த காசுக்கு அதைவிட நல்ல பலன் வேறெதிலும் கிடைக்கவில்லை.

ஏனென்றால் மூன்றாவது பக்கத்தில் ஒரு சொல் இருந்தது: நிலம். நமக்கு நிலம் என்றால் நிலம்தானே, நானும் தாண்டிப் போய்விட்டேன். அவர் விரலை வைத்து நிறுத்தினார். "டீச்சரே, இது நெல்வயலாக்கும்" என்றார். கேரளத்து வருவாய்க் கணக்கில் வீடு கட்டக்கூடிய மேட்டு பூமிக்குப் புரயிடம் என்று பெயர். நிலம் என்று எழுதியிருந்தால் அது வயல். 2008இல் வந்த நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டப்படி அதை மண் போட்டு நிரப்பக் கூடாது. ஊர்வாரியாக டேட்டா பேங்க் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் ஏறிவிட்ட வயலைப் புரயிடமாக மாற்றுவது லேசான காரியமில்லை. எங்களுக்குக் காட்டிய மொத்த இடம் 1 ஏக்கர் 12 சென்ட். அதில் வீடு நிற்கிற 58 சென்ட்தான் புரயிடம். மிச்சம் 54 சென்ட் நிலம். அதன் ஒரு பகுதியில் ஏற்கெனவே மண் அடித்து, கல் பாவி, ஆறு காருக்குக் கோடு போட்டு வைத்திருந்தார்கள். எங்கள் பிரிபடாத பங்கில் அந்த வயலும் சேர்ந்திருந்தது. யாராவது ஒரு புகார் கொடுத்தால், மண்ணை அள்ளி வயலைப் பழையபடி ஆக்கும் பொறுப்பு ஆறு வீட்டுக்காரர்கள் தலையில் விழுந்திருக்கும்.

விற்றவர்களிடம் நேராகவே சொன்னோம், இதை எடுத்துவிட்டு எழுதினால் மேற்கொண்டு பேசலாம், இல்லையென்றால் வேண்டாம் என்று. இரண்டு மாதம் இழுத்தார்கள். கடைசியில் வயலைத் தனியாகப் பிரித்து, கல்லைப் பெயர்த்து, கார் நிறுத்தும் இடத்தைப் படிப்புரைக்கு உள்ளேயே கொண்டுவந்தார்கள். 86 லட்சம் என்று ஆரம்பித்த விலை 71 லட்சத்தில் முடிந்தது. இன்றைக்கு அந்த வயலில் நெல் விளைகிறது. பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுத்த ஒருவர் இரண்டு போகம் எடுக்கிறார். எங்கள் திண்ணையிலிருந்து பார்க்கிற பச்சை அதுதான். அது எங்கள் பெயரில் இல்லாமல் இருப்பதில் எனக்கு நிம்மதி.

தறவாட்டுச் சொத்து என்றால் பங்காளிகள் எத்தனை பேர் என்று எண்ண வேண்டும். கூட்டுக்குடும்ப முறையை ஒழிக்கும் சட்டத்தைக் கேரளம் 1975இல் கொண்டுவந்தது, அடுத்த வருடம் டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதுவரை மொத்தமாகக் கிடந்த சொத்துகள் பல அதற்குப் பிறகு பாகம் பிரிக்கப்பட்டன. இந்த வீட்டின் பாகப் பத்திரத்தில் 11 பெயர். பத்துப் பேர் நேரில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஒருவர் மும்பையில் இருந்தபடி பவர் கொடுத்திருந்தார். பவர் கொடுத்தவர் இறந்தால் அந்தப் பவரும் முடிந்துபோகும். ஆதாரம் எழுதிய அன்றைக்கு அவர் உயிரோடு இருந்தாரா என்று கேட்டு, எழுத்தில் உறுதி வாங்கினோம். கேட்கச் சங்கடமான கேள்விதான், கேட்டுத்தான் ஆக வேண்டும். தென்மேற்கு மூலையில் ஒரு சர்ப்பக்காவு, நாகங்களுக்கு விட்ட சின்னத் தோப்பு, இருக்கிறது. அந்தக் குடும்பத்தார் ஆயில்யத்துக்கு வந்து விளக்கு வைத்துப் போகும் வழி உரிமை ஆதாரத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. சிலர் அதைத் தொந்தரவு என்று நினைத்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வருடத்தில் ஒரு நாள் அந்த வீட்டில் பிறந்தவர்கள் வந்து தங்கள் பாட்டி உட்கார்ந்த இடத்தைக் காட்டிப் பேசுவது நல்ல விஷயம்.

பரப்பளவு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விளம்பரத்தில் எங்கள் பகுதி 1,900 சதுர அடி. நான் டேப் பிடித்து அளந்தபோது 1,180தான் வந்தது. யாரும் பொய் சொல்லவில்லை, கணக்குதான் வேறு. பழைய வீட்டின் வெட்டுகல் (செம்பாறாங்கல்) சுவர் ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டடி கனம். 2016ஆம் ஆண்டு ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் சொல்கிற கார்ப்பெட் ஏரியாவில் வெளிச்சுவர் சேராது, வராந்தாவும் சேராது, உள்ளே பிரிக்கும் சுவர் மட்டும் சேரும். புதிய பிளாட்டில் சுவர் மெலிசு, அதனால் வித்தியாசம் குறைவு. பழைய வீட்டில் சுவரும் திண்ணையுமே ஒரு பெரிய அறை அளவுக்குப் போய்விடும். கனத்த சுவர் மேடத்து (சித்திரை) வெயிலில் வீட்டைக் குளிர்ச்சியாக வைக்கிறது, பாலக்காட்டில் 40 டிகிரி தாண்டும் நாட்களில் அதன் அருமை தெரியும். ஆனாலும் சதுர அடிக்கு இவ்வளவு என்று காசு கொடுக்கும்போது எந்த அடி என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

அதே சட்டத்தில் 500 சதுர மீட்டர், 8 வீடு என்று ஒரு எல்லை இருக்கிறது. ஆறு வீட்டுத் திட்டம் விற்கிறவர்கள் அதைக் காட்டி, எங்கள் திட்டத்தை ரெராவில் பதிவு செய்யத் தேவையில்லை என்பார்கள். அந்தப் பதிலை வாய்வார்த்தையாக ஏற்காமல் கேரள ரெரா அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. பஞ்சாயத்து ஒவ்வொரு வீட்டுக்கும் தனி எண் கொடுத்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். எங்களுக்கு அது வந்தபிறகுதான் முன்பணத்துக்கு மேல் கொடுத்தோம். பெரிய குடியிருப்புகளுக்குக் கேரளத்தில் வருடாவருடம் தனி வரி விழக்கூடும், பெரிய பகுதியை எடுப்பவர்கள் தங்களுக்கு அது வருமா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். பதிவுக்கு முத்திரைத் தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வங்கிக் கடன் பாதிக்குத்தான் கிடைத்தது. மதிப்பீடு செய்ய வந்தவர் கட்டடத்தின் வயதைப் பார்த்துத் தயங்கினார். கையில் ரொக்கம் இல்லாமல் பழைய வீட்டுப் பக்கம் வருவது கஷ்டம்.

மரத்தை ஆசாரி பார்த்தார். பார்க்கிற முறையைச் சொல்லிவிடுகிறேன், பிறருக்கும் உதவும். நடு உத்தரத்தைத் தட்டிப் பார்த்துப் பிரயோஜனமில்லை, அது எப்போதும் காய்ந்தே இருக்கும். உத்தரம் சுவருக்குள் போய்ச் சொருகிற இடம், கைமரத்தின் வால் நுனி, சன்னல் கட்டையின் அடி, இந்த மூன்று இடத்தில் திருப்புளியால் குத்திப் பார்க்க வேண்டும். எங்கள் பகுதியில் உத்தரங்கள் தேக்கு, மச்சுப் பலகை பலா. இரண்டு கைமரத்தின் நுனி மட்டும் உளுத்திருந்தது, அதை மாற்றித் தரச் சொன்னோம். வடக்குப் பகுதியில் மச்சின் மேலேயே சிமென்ட் போட்டுக் குளியலறை கட்டியிருந்தார்கள். ஆசாரி அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் இறங்கி வந்து, "அந்த வீடு மட்டும் வேண்டாம்" என்றார். இரண்டாம் வருடம் அதன் கீழே இருந்த உத்தரம் ஈரத்தில் கறுத்து, குளியலறையையே கீழே இறக்க வேண்டி வந்தது. நாங்கள் எடுத்தது மேற்குப் பகுதி, கீழே மூன்று அறையும் அதற்கு மேல் மச்சும் எங்களுக்கே. தலைக்கு மேல் வேறு யாரும் நடக்க மாட்டார்கள் என்பது மரத்தளம் போட்ட வீட்டில் பெரிய வசதி. பலகைத் தளத்தில் செருப்புச் சத்தம் கூடக் கீழே கேட்கும்.

அன்றைக்கு ஆசாரி இன்னொரு கேள்வியும் கேட்டார். முற்றத்துக் கண்ணாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே, "டீச்சரே, இத்தனை ஓட்டுத் தண்ணியும் எங்க போகுது?" என்றார். விற்பனைக்கு நின்ற தம்பி, அதற்குத் தனியாகப் பைப் இருக்கிறது என்று ஓரத்தில் காட்டினார். நான் தலையாட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டேன். ஆதாரத்தில் ஒரு சொல்லுக்காக இரண்டு மாதம் போராடியவள், அந்தக் கேள்வியை அங்கேயே விட்டுவிட்டேன்.

பங்குனியில் பால் காய்ச்சினோம். சித்திரையில் முதல் அறிகுறி தெரிந்தது. நாலுகெட்டின் உயிரே நடுமுற்றம்தான். சூடான காற்று அதன் வழியாக மேலே போகும், நாலு பக்கத் தாழ்வாரத்திலிருந்தும் குளிர்ந்த காற்று உள்ளே வரும். கண்ணாடி போட்டதும் அந்தச் சூடு போக வழியில்லாமல் உள்ளேயே நின்றது. மதியம் முற்றத்துப் பக்கக் கதவைத் திறந்தால் அடுப்படி மாதிரி அனல் அடிக்கும். ஆறு வீட்டிலும் ஏசி ஓடியது. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை வந்ததும் சூடு தணிந்துவிட்டது, அப்பாடா என்று இருந்தோம்.

ஆடி முதல் வாரத்தில் ஒரு ராத்திரி மழை பிடித்தது. இரண்டு மணிக்கு வீட்டுக்காரர் எழுந்து தரையில் கால் வைத்தால் தண்ணீர். கூரை ஒழுகுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தால் ஓடு அத்தனையும் சரியாகத்தான் இருந்தது. முற்றத்துப் பக்கக் கைமரங்களின் வழியாகத் தண்ணீர் பின்னோக்கி ஓடிவந்து சுவரில் இறங்கிக்கொண்டிருந்தது. காரணம் காலையில்தான் புரிந்தது. முன்பெல்லாம் நாலு கூரைத் தண்ணீரும் தானாக முற்றத்தில் விழும், அங்கிருந்து ஓவு என்கிற வடிகால் வழியாகக் குளத்துக்குப் போகும். இப்போது விளிம்பில் தகரத் தொட்டி கட்டி, இரண்டு நாலங்குலக் குழாயில் இறக்கியிருந்தார்கள். மாவிலையும் மயில் கலைத்துப் போட்ட ஓட்டுத் துண்டும் சேர்ந்து ஒரு குழாய் அடைத்துக்கொண்டது. முற்றத்துப் பக்கம் சாய்கிற கூரை மொத்தம் சுமார் 1,400 சதுர அடி. ஒரு ராத்திரியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அதிலிருந்து மட்டும் 13,000 லிட்டர் தண்ணீர் வரும், ஒரு பெரிய டேங்கர் லாரி அளவு. அதை ஒரு நாலங்குலக் குழாயால் எப்படித் தாங்க முடியும்?

ஆறு வீட்டுக்காரர்களும் முற்றத்தில் கூடினோம். அங்கேதான் உண்மையான சிக்கல் ஆரம்பித்தது. ஆதாரத்தில் கூரை, முற்றம், கிணறு, படிப்புரை, குளத்துக்குப் போகும் வழி எல்லாம் பொது என்று ஒரே வரியில் எழுதியிருந்தது. பொது என்றால் செலவை யார் எப்படிப் பங்கிடுவது என்று எங்கேயும் இல்லை. கிழக்குப் பகுதிக்காரருக்குத் தண்ணீர் வரவில்லை. தான் ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று கேட்டார். இன்னொரு வீட்டு அண்ணன், தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் போடலாம் என்றார். சின்னப் பகுதி வாங்கிய அம்மா, சதுர அடிப்படி போடுங்கள் என்றார். விற்றவர்கள், ஒப்படைத்த பிறகு பராமரிப்பு உங்கள் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. அவரவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. மூன்று மாதம் நல்லபடியாகப் பேசிப் பழகியவர்கள் கூட முகம் பார்க்காமல் போனார்கள். அந்த ஆடியையும் ஆவணியையும் நான் எளிதில் மறக்க மாட்டேன்.

ஆசாரியை மறுபடி கூப்பிட்டேன். அவர் முற்றத்தின் தென்கிழக்கு மூலையில் டைல்ஸைத் தட்டிப் பார்த்து ஒரு இடத்தை உடைக்கச் சொன்னார். அரையடி கான்கிரீட்டுக்குக் கீழே பழைய ஓவு கருங்கல்லில் முழுசாக இருந்தது. அதை நிரப்பித்தான் சோபா போடத் தரையை உயர்த்தியிருந்தார்கள். கண்ணாடியை எடுங்கள், தொட்டியை எடுங்கள், தரையைப் பழைய மட்டத்துக்கு இறக்குங்கள், ஓவைத் திறந்துவிடுங்கள், மழை போகிற வழியில் போய்விடும் என்றார். சொகுசு வீடு வாங்கியவர்களுக்கு முற்றம் நனைவதை ஏற்றுக்கொள்ள மனசு வரவில்லை. இரண்டு பேர் கடைசி வரை யோசித்தார்கள். புரட்டாசியில் ஒரு வழியாகச் சம்மதம் வந்து, துலாமழைக்கு (ஐப்பசி மழைக்கு) முன்னால் வேலையை முடித்தோம். மொத்தச் செலவு 3 லட்சத்து 40 ஆயிரம்.

அப்போதுதான் பங்கீட்டையும் எழுதிக் கையெழுத்திட்டோம். கூரைச் செலவு அவரவர் சதுர அடிப்படி. முற்றம், கிணறு, படிப்புரை, கழிவுநீர்த் தொட்டி ஆறு வீட்டுக்கும் சமம். மாதாமாதம் ஒரு தொகை பொது நிதிக்கு. வெளிச்சுவரில் ஆணி அடிக்கக்கூட மற்றவர்களிடம் சொல்லிவிட்டுத்தான். கேரளத்தில் 1983இலேயே அடுக்குமாடி உரிமைச் சட்டம் இருக்கிறது. பொது இடம் எது, பங்கு எவ்வளவு என்று அறிக்கை எழுதிப் பதிவு செய்ய அதில் வழி உண்டு. அதை வாங்குவதற்கு முன்பே செய்யச் சொல்லி நாங்கள் கேட்டிருக்க வேண்டும். வீட்டைப் பிரித்து விற்கலாம், கூரையையும் தண்ணீர் போகிற வழியையும் பிரிக்க முடியாது. வீடு பார்க்க வருகிறவர்கள் சமையலறையைத்தான் அதிக நேரம் பார்க்கிறார்கள். பிரிக்க முடியாத அந்த நாலைந்து விஷயத்தை ஆதாரம் என்ன சொல்கிறது என்று முதலில் படிக்கச் சொல்வேன்.

சுவர் பற்றிச் சுருக்கமாக. உள்சுவரில் மூன்றடி உயரத்துக்குச் சிமென்ட் பூசி பிளாஸ்டிக் பெயின்ட் அடித்திருந்தார்கள். வெட்டுகல் ஈரத்தை உறிஞ்சி, சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே விடும். சிமென்ட் அதை அடைத்துவிட்டது. ஓணத்துக்குள் பெயின்ட் கொப்பளித்து உப்பு பூத்தது. உரித்துவிட்டுக் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் சேர்த்த சுண்ணாம்புக் காரை பூசினோம். அந்த வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதுதான் சிரமம், எங்களுக்கு நெம்மாறையிலிருந்து வந்தார். அதன் பிறகு அந்தச் சுவரில் ஒரு கறை இல்லை.

கிணற்றுக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் நடுவில் 7.5 மீட்டராவது இருக்க வேண்டும் என்பது கட்டட விதி. ஒரு வீட்டுக்கு இருந்த தொட்டி ஆறு வீட்டுக்கு ஆகும்போது இதை டேப் வைத்து அளக்க வேண்டும். எங்களுக்கு 11 மீட்டர் இருந்தது. சித்தூர் வட்டாரம் நிலத்தடி நீரை அளவுக்கு மேல் உறிஞ்சிய பகுதி என்று கணக்கெடுப்புகளில் வந்திருக்கிறது, கோகோ கோலா ஆலை நிலத்தடி நீரை எடுத்ததற்கு எதிராகப் போராட்டம் நடந்த பிளாச்சிமடையும் இதே தாலுகாதான். அதனால் ஆறு வீட்டுக்கு ஆறு போர் போடுவதில்லை, கிணறு ஒன்றே போதும் என்று முடிவு செய்தோம். வெளிப்பக்கக் கூரைத் தண்ணீரை வடிகட்டிக் கிணற்றைச் சுற்றி இறக்குகிறோம். மீன மாதத்திலும் (பங்குனி) ஏழெட்டு அடி தண்ணீர் நிற்கிறது.

ஒவ்வொரு சித்திரையிலும் கூரையேறி ஓடு திருப்ப வேண்டும். இரண்டு ஆள், நாலு நாள் வேலை. பாசி பிடித்ததைக் கழுவி, உடைந்ததை மாற்றி, ரீப்பர் தளர்ந்த இடத்தில் ஆணி அடித்து, முகட்டு ஓட்டுக்குச் சுண்ணாம்பு பூச வேண்டும். ஒரு கம்பெனி ஓடு இன்னொரு கம்பெனி ஓட்டோடு சரியாகக் கவ்வாது. அதனால் இடிக்கிற பழைய வீடு எங்கே இருக்கிறது என்று விசாரித்து, ஓட்டின் அடியில் இருக்கும் முத்திரையைப் பார்த்து, அதே ஓடு 500 வாங்கிப் பத்தாயப்புரையில் (பழைய நெற்களஞ்சியத்தில்) அடுக்கி வைத்திருக்கிறோம். எல்லாக் கணக்கும் ஒரு நோட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது: எந்த வருடம் எத்தனை ஓடு, எந்த மூலை, யார் வேலை செய்தது, எவ்வளவு கூலி.

வடக்குப் பகுதி இப்போது விற்பனைக்கு வந்திருக்கிறது, அவர்கள் பிள்ளைகளோடு பெங்களூருக்குப் போகிறார்கள். போன தை மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பதி பார்க்க வந்தார்கள். இரண்டு பேரும் ஐம்பதுக்குள்தான் இருக்கும். அந்தப் பெண் ஆக்சைடு தரையில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தார். காற்று நன்றாக அடித்தது. அவர்கள் முகத்தைப் பார்த்தபோது எங்களை அப்படியே பார்ப்பது போல இருந்தது.

"டீச்சரம்மா, நீங்க இங்கயே இருக்கறவங்க. வாங்கலாமா, சொல்லுங்க" என்று கேட்டார்.

குளியலறை இடம் மாறிய கதையையும் கறுத்த உத்தரத்தையும் ஒளிக்காமல் சொன்னேன், விற்கிறவர்களும் பக்கத்தில்தான் இருந்தார்கள். கூரை நோட்டைக் கையில் கொடுத்தேன். அப்புறம், முன்பணம் கொடுக்க அவசரப்பட வேண்டாம், ஆடியில் ஒரு நாள் மழை பிடிக்கும்போது வந்து பாருங்கம்மா என்றேன்.

வந்தார்கள். ஆடிப் பெருக்குக்கு முந்தின நாள், வாளையாறு தாண்டும்போதே இருட்டிக்கொண்டு வருகிறது என்று போன் செய்தார்கள். படிப்புரையிலிருந்து வீட்டுக்குள் வருவதற்குள் இரண்டு பேரும் தொப்பலாக நனைந்துவிட்டார்கள். துண்டு எடுத்துக் கொடுத்தேன். நாலு கூரையிலிருந்தும் திரை போட்ட மாதிரித் தண்ணீர் முற்றத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. பேசினால் காது கேட்காத இரைச்சல். அந்தப் பெண் தாழ்வாரத்துத் தூணைப் பிடித்துக் குனிந்து, தண்ணீர் சுழித்துக்கொண்டு தென்கிழக்கு மூலை ஓவுக்குள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் கட்டன் காப்பி போட்டு எடுத்துவந்தார். அவள் கணவர் நோட்டைப் புரட்டி, எங்கள் ஆசாரியின் பெயர் எழுதியிருந்த பக்கத்தில் விரலை வைத்து, "இவர் இன்னும் வேலைக்கு வருவாரா?" என்று கேட்டார்.